திருப்புளிக்கு இடம் தந்த கணிப்பொறி

அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, பழைய பொருள்கள் விற்கும் கடைக்கு வந்து சேர்ந்த கறுப்பு நிற மடிக்கணிப்பொறியை நீங்கள் பார்த்திருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது, திரையைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். பல திருகாணிகள் தெரியும். சிலவற்றின் அருகே மிகச் சிறிய படங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் விசைப்பலகையின் படம். மற்றோரிடத்தில் நினைவகத் தகட்டின் படம். 'இந்தத் திருகாணியைக் கழற்றினால் விசைப்பலகை வெளியே வரும்' என்பதுதான் அப்படத்தின் பொருள்.

இந்தப் படங்களை யாருக்காகப் பொறித்தார்கள்? கணிப்பொறியில் கடிதம் எழுதுபவருக்கும் கணக்குப் போடுபவருக்கும் இவற்றால் பயனில்லை. பழுது பார்ப்பவருக்காகவே இவை வைக்கப்பட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தை இன்று ஒரு மாணவர் குறைந்த செலவில் புதுப்பித்துப் பயன்படுத்த முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த எண்ணமே. அந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது, இடையில் ஏன் மங்கியது, இப்போது எவ்வாறு திரும்பி வருகிறது என்பதை இங்கே காண்போம்.

திருவண்ணாமலையில் வளர்ந்தவர்

கையில் தூக்கிச் செல்லும் கணிப்பொறியின் வரலாற்றில் முதலில் வரும் பெயர்களுள் ஒன்று ஆடம் ஆஸ்பார்ன். இவர் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியவர். எனவே ஆடமின் இளமைப் பருவம் நம் திருவண்ணாமலையில் கழிந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் பெயர் பெற்ற இவர் தம் கடைசி நாட்களில் தமிழகத்திற்கே திரும்பி வந்து, 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

1981 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஆடம் வெளியிட்ட 'ஆஸ்பார்ன்-1' என்ற கணிப்பொறியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்! திரையின் குறுக்களவு 5 அங்குலம். விலை 1,795 டாலர். பாட்டரி கிடையாது, சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பியே இயங்கியது. மூடினால் தையல் இயந்திரப் பெட்டி போல் தோன்றும் அதை மடியில் வைப்பது இயலாத காரியம். ஆயினும், கணிப்பொறி மேசையை விட்டு நகரலாம் என்பதைச் சந்தையில் காட்டிய பெருமை அதற்கு உண்டு.

அதே 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டது. நம் கதைக்கு இந்த நாள் மிக முக்கியமானது. விரைவில் முடிக்க வேண்டும் என்பதற்காக, அந்நிறுவனத்துப் பொறிஞர்கள் வெளிச் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அதைக் கட்டினார்கள். உள்ளே கூடுதல் பலகைகளைச் செருகுவதற்கு ஐந்து இடங்களை விட்டு வைத்தார்கள். அதற்கும் மேலாக, இயந்திரத்தின் மின்சுற்றுப் படங்களை எல்லாம் ஒரு தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். இதனால் வேறு நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்யத் தொடங்கின.

மிதிவண்டிச் சக்கரத்தின் அளவு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் எந்த ஊரில் டியூப் வெடித்தாலும் அந்த ஊர்க் கடையிலேயே வேறு டியூப் கிடைக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். 1981இல் கணிப்பொறிக்குக் கிடைத்தது இந்தப் 'பொது அளவு' என்னும் வரமே.

மடிக்கு வந்த இயந்திரம்

1982இல் வந்த 'கிரிட் காம்பஸ்' என்னும் கணிப்பொறிதான் இன்றைய வடிவத்தை நமக்குத் தந்தது. திரையும் விசைப்பலகையும் சிப்பியின் இரு ஓடுகளைப் போல் மடிந்து மூடும் அமைப்பை அதில் காணலாம். அதை வடிவமைத்தவர் பில் மோக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். விலையோ 8,150 டாலர்! அமெரிக்காவின் விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. 1985இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட 'டி1100' ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையே கொண்டிருந்தது. பாட்டரியால் இயங்கியது. பொதுச் சந்தையில் வெற்றி பெற்ற முதல் மடிக்கணிப்பொறிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வளவு சிறிய பெட்டிக்குள் எல்லா உறுப்புகளையும் அடக்கும்போது 'பொது அளவு' காணாமற் போய்விடும் ஆபத்து இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்கு ஏற்றபடி உறுப்புகளை வளைத்தும் குறைத்தும் செய்துகொள்ளலாம் அல்லவா? நல்லகாலமாக, சில உறுப்புகளுக்கேனும் பொது அளவுகள் உருவாயின. 1988இல் பிரெய்ரிடெக் என்ற அமெரிக்க நிறுவனம் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கை முதன்முதலாக வெளியிட்டது. அதன் கொள்ளளவு 20 மெகாபைட். அகலம் சுமார் 70 மில்லிமீட்டர், நீளம் சுமார் 100 மில்லிமீட்டர் என்ற இந்த அளவை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். காலப்போக்கில் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு பெருகியது. உள்ளே இருக்கும் நுட்பமே அடியோடு மாறியது. ஆனால் வெளி அளவு மாறவில்லை. பழைய மடிக்கணிப்பொறியில் புதிய சேமிப்பகத்தைப் பொருத்த முடிவதன் இரகசியம் இதுதான்.

1992 அக்டோபரில் ஐ.பி.எம். 'திங்க்பேடு 700சி' என்ற மடிக்கணிப்பொறியை வெளியிட்டது. 'சிந்தனை செய்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் அந்நிறுவனத்தின் தாரக மந்திரம். அச்சொல் பொறித்த சிறு தோல் குறிப்பேட்டை அங்கே பணிபுரிந்தவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பது வழக்கம். அக்குறிப்பேட்டிலிருந்தே இப்பெயர் பிறந்தது. உருவத்தை வகுத்தவர் ஜெர்மானியரான ரிச்சர்ட் சாப்பர். ஜப்பானியரின் கறுப்பு உணவுப் பெட்டி போல, மூடியிருக்கும்போது எளிமையாகவும் திறந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஜப்பானின் யமாட்டோ நகரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் பொறிஞர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 4,350 டாலர் விலையுள்ள அந்த இயந்திரத்தின் 120 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கைத் தனியே கழற்றி எடுக்க முடிந்தது.

வாங்குபவர் யார்?

இந்த வகை இயந்திரங்களை விலைக்கு வாங்கியவர்கள் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். 4,000 டாலருக்கு மேல் கொடுத்துத் தனி மனிதர் எத்தனை பேர் வாங்குவார்கள்? வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் நூற்றுக்கணக்கில் வாங்கின. பெரிய வாடிக்கையாளருக்கு அழகு முக்கியமன்று. விற்பனை அலுவலர் ஒருவரின் விசைப்பலகையில் காப்பி கொட்டிவிட்டால், அவர் எத்தனை மணி நேரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார் என்பதே அவர்களுடைய கேள்வி.

இதற்கு விடையாக வந்ததுதான் 'இருக்குமிடத்திலேயே மாற்றத்தக்க உறுப்பு' என்னும் முறை. விசைப்பலகை, திரை, விசிறி, ஹார்டு டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், அதன் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை எல்லாம் விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனத்தாரே வெளியிட்டார்கள். 2005இல் ஐ.பி.எம்.மின் தனிக்கணிப்பொறிப் பிரிவைச் சீனாவின் லெனோவோ வாங்கிய பிறகும் இவ்வழக்கம் தொடர்ந்தது. டெல், எச்.பி. போன்ற நிறுவனங்களும் அலுவலகங்களுக்கென்று தனி வரிசைகளைச் செய்து, அவற்றுக்கு இத்தகைய கையேடுகளை வெளியிட்டன.

அலுவலகங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளில் எல்லா இயந்திரங்களையும் ஒருசேர மாற்றிவிடுகின்றன. உத்தரவாதக் காலமும் குத்தகைக் காலமும் முடிவதே காரணம். இயந்திரம் தேய்ந்துபோனது என்று பொருளன்று. இவ்வாறு கழிக்கப்பட்டவை பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. பெரிய நிறுவனத்தின் பழுது பார்ப்பவருக்காகச் செய்த வசதி, அதை இரண்டாவதாக வாங்கும் மாணவருக்குத் தற்செயலாகக் கிடைத்த சீதனமாக ஆகிவிடுகிறது.

ஓர் உதாரணம்

2011இல் வெளிவந்த 'எக்ஸ்220' என்னும் திங்க்பேடை எடுத்துக்கொள்வோம். 12.5 அங்குலத் திரை; எடை சுமார் ஒன்றரைக் கிலோகிராம். விலா ஓரத்திலுள்ள ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க்கை வெளியே இழுத்துவிடலாம். அடியிலுள்ள மூடியைத் திறந்தால் நினைவகத் தகடுகள் இரண்டு அருகருகே இருக்கும். பாட்டரிக்குத் திருகாணியே இல்லை. தாழை விலக்கினால் கையோடு வந்துவிடும்.

அன்று அதில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு, அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் இயந்திரம் புத்துயிர் பெறுகிறது என்கிறார்கள். இது உண்மையா? சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு, ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 11 மில்லி விநாடி. நாம் தேடும் செய்தி, படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று வேண்டும். அது சுமார் 5.5 மில்லி விநாடி. முனையைத் தாங்கிய கை சரியான தடத்திற்கு நகர ஏறத்தாழ 12 மில்லி விநாடி ஆகும். ஆக, ஒரு முறை தேடி எடுக்க 17.5 மில்லி விநாடி. கணிப்பொறியை இயக்கித் தொடங்கும்போது, தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு சிறு செய்திகளை 6,000 முறை தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 × 17.5 = 1,05,000 மில்லி விநாடி; அதாவது 105 விநாடி. திண்மச் சேமிப்பகத்திலோ எதுவும் சுழல்வதில்லை, எதுவும் நகர்வதில்லை. ஒரு முறைக்கு 0.1 மில்லி விநாடி என்று கொண்டால், அதே 6,000 தேடல்களும் 0.6 விநாடியில் முடிந்துவிடும்! எஞ்சிய வேலைகளுக்குப் பிடிக்கும் நேரம் குறையாது என்பதால் உண்மையில் இத்தனை மடங்கு வேகம் கிடைக்காது. ஆனாலும், காத்திருந்த நேரத்தில் பெரும் பகுதி தட்டின் சுழற்சியிலேயே போயிற்று என்பதைக் கணக்கு காட்டுகிறது.

அடுத்தது நினைவகம். கடையில் 'ராம்' என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். இதை நீங்கள் படிக்கும் மேசை என்று கொள்ளுங்கள். சேமிப்பகம் பக்கத்து அறை அலமாரி. மேசை சிறியதானால் ஒரு புத்தகத்தை வைக்க மற்றொன்றை அலமாரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். நடப்பதிலேயே பொழுது போய்விடும். நினைவகம் போதாத கணிப்பொறியும் இப்படித்தான் சேமிப்பகத்திற்கும் நினைவகத்திற்கும் இடையே அலைகிறது. எக்ஸ்220இல் 8 ஜிகாபைட் வரை பொருத்தலாம் என்று கையேடு கூறியது. நடைமுறையில் 16 ஜிகாபைட் வரை அது ஏற்றுக்கொள்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து டி.டி.ஆர்.3 தகட்டில் 204 தொடுமுனைகள் உண்டு. அடுத்த தலைமுறையான டி.டி.ஆர்.4 தகட்டில் 260. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

மூன்றாவது பாட்டரி. லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்220இன் பாட்டரிப் பெட்டிக்குள் இருப்பவை 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை வடிவக் கலங்கள். லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்வருவதால் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் முனையின் மேல் படலமாகப் படிந்து பயனற்றுப் போகிறது. இதனால் சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் கொள்ளளவு குறைந்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இத்தேய்வு மெல்ல நடக்கும். ஆகவே பாட்டரி மட்டும் எப்போதும் முதலில் மூப்படைகிறது. அதை எளிதில் மாற்ற முடியுமா முடியாதா என்பதே மடிக்கணிப்பொறியின் ஆயுளை நிர்ணயிக்கும் முதல் கேள்வி.

எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்220இல் மையச் செயலகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அதை மாற்ற இயலாது. அதே ஆண்டில் வந்த அண்ணன் 'டி420'இல் அது தனி இருக்கையில் உட்கார்ந்திருந்தது, அதை மாற்றலாம்.

மெலிந்த உடலும் மூடிய கதவும்

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மடிக்கணிப்பொறி ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். 'மேக்புக் ஏர்' என்ற அந்த இயந்திரம் மிகத் தடித்த இடத்திலும் 19.4 மில்லிமீட்டரே இருந்தது. இப்போது 18 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மின்கலத்தை நினைத்துப் பாருங்கள். விசைப்பலகை, திரை, மேலும் கீழும் உலோகத் தகடு எல்லாம் போக அந்த உருளைக்கு எங்கே இடம்? எனவே அப்பளம் போன்ற தட்டைக் கலங்களை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2012இல் அதே நிறுவனம் செய்த ஒரு பெரிய மாதிரியில் பாட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

மற்ற நிறுவனங்களும் மெல்லிய உடலை நாடின. அலுவலகங்களுக்கான வரிசைகளிலும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2018இல் வந்த 'டி480' தான், திங்க்பேடின் டி வரிசையில் பாட்டரியைக் கையால் கழற்றி மாற்றத்தக்க கடைசி மாதிரி. 2019இன் 'டி490'இல் பாட்டரி முழுவதும் உள்ளே போய்விட்டது. நினைவகத்தில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு, செருகுமிடம் ஒன்றே எஞ்சியது.

இதை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகை நினைவகம், செயலகத்திற்கு மிக அருகில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். செருகுமிடத்தின் நீண்ட பாதை அதன் மின்குறிகளைக் குழப்பிவிடுகிறது. ஆகவே பற்றவைப்பதற்குப் பொறியியல் காரணமும் உண்டு. ஆனால் அதன் விளைவு வாங்குபவரின் தலையில் விழுகிறது. வாங்கும் நாளில் எவ்வளவு நினைவகம் வாங்கினாரோ அவ்வளவுதான் என்றைக்கும்.

திருகாணியைத் திறந்தாலும் திறக்காத பூட்டுகளும் வந்தன. சில மாதிரிகளில், தொடக்க நிரல் தன் பட்டியலில் இல்லாத கம்பியில்லா இணைப்பு அட்டையைக் கண்டால் இயங்க மறுக்கும். 2012இன் எக்ஸ்230, டி430 ஆகியவை நிறுவனத்தின் முத்திரை இல்லாத பாட்டரியை ஏற்றுக்கொள்ளாமல் மின்னேற்றத்தை நிறுத்திவிடும். இதற்கும் ஒரு பின்னணி உண்டு. 2006இல் சோனியின் மின்கலங்கள் சிலவற்றில் உலோகத் துகள் கலந்து தீப்பிடிக்கும் அபாயம் தோன்றியதால், டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பாதுகாப்பு அவசியமே. ஆயினும் நிறுவனம் தன் பாட்டரியைச் செய்வதை நிறுத்திய பிறகு இந்தப் பூட்டு யாரைப் பாதுகாக்கிறது என்ற கேள்வி எழுகிறது அல்லவா?

மென்பொருள் குறித்த முதுமை

உறுப்புகள் நன்றாக இருக்கும்போதே ஓர் இயந்திரத்தைப் 'பழையது' என்று ஒதுக்கும் வழி வேறொன்றும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. 2021இல் வந்த விண்டோஸ் 11, புதிய தரத்திலான பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலகமானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதையும் கேட்கிறது. அந்தத் தலைமுறை 2017இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய கோடிக்கணக்கான இயந்திரங்கள், ஒரு திருகாணி கூடத் தளராத நிலையில், வாசலில் நிறுத்தப்பட்டன.

இவற்றுக்கு மாற்று வழி உண்டு. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸ், இன்று பழைய இயந்திரங்களிலும் நன்கு இயங்குகிறது. விலை கொடுக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதவும் படிக்கவும் முடியும். ஆனால் விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் இயங்கா. உங்கள் கல்லூரியோ தேர்வோ அத்தகைய மென்பொருளைக் கேட்குமானால், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரு மடிக்கணிப்பொறி ஏன் நீண்ட நாள் உழைக்க வேண்டும்? பணம் மட்டுமே காரணமன்று. உற்பத்தியாளர்களே வெளியிடும் கணக்குகளின்படி, அதன் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும் பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே வெளியாகிவிடுகிறது. சில்லுகளைச் செய்ய அவ்வளவு ஆற்றலும் தூய நீரும் தேவை. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது.

மீண்டும் திறக்கும் கதவு

இந்நிலைமையைக் கண்டு உலகெங்கும் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற குரல் எழுந்தது. இந்திய அரசு 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், நுகர்வோர் தினத்தன்று, உற்பத்தியாளர்களின் பழுது பார்ப்புச் செய்திகளை ஓரிடத்தில் திரட்டும் இணையத் தளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், எடுத்துச் செல்லும் கருவிகளின் பாட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என்கிறது. இவ்விதிக்கு வைத்த நாள் 2027 பிப்ரவரி 18.

தொழில்நுட்பத்திலும் மாற்றம் தெரிகிறது. பிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் பயன்படுத்துவோரே மாற்றத்தக்க மடிக்கணிப்பொறியை 2021இல் வெளியிட்டது. 2024இல் வந்த 'டி14' திங்க்பேடின் ஐந்தாம் தலைமுறையில், நினைவகத்திற்கு இரண்டு செருகுமிடங்களும் திரும்பி வந்தன. செயலகத்திற்கு அருகில் இருக்க வேண்டும் என்று சொன்ன நினைவகத்திற்கும் தீர்வு கிடைத்தது. தகட்டைப் படுக்கையாக வைத்துத் திருகாணியால் இறுக்கும் 'கேம்' என்ற புதிய முறையை டெல் நிறுவனத்துப் பொறிஞர்கள் வகுத்தார்கள். 2023 டிசம்பரில் அது எல்லோருக்குமான பொது அளவாக ஏற்கப்பட்டது. 1981இல் கிடைத்த வரம் வேறு உருவில் திரும்பியது எனலாம்.

வாங்குமுன் சில சொற்கள்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கத் தொடங்கியபோது, எத்தனையோ இல்லங்களுக்கு அதுவே முதல் கணிப்பொறி. அது கிடைக்காதவர்களுக்கும், பின்னர் வேறொன்று தேவைப்படுபவர்களுக்கும், அலுவலகம் கழித்த பழைய இயந்திரம் நல்ல துணையாகலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது.

முதலில் மாதிரியின் பெயரைக் கேட்டு, அதன் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். நினைவகம் செருகத்தக்கதா, பற்றவைத்ததா? பாட்டரியை எவ்வாறு மாற்றுவது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். தொடக்க நிரலில் முந்திய அலுவலகத்தின் கடவுச்சொல் எஞ்சியிருக்கிறதா என்று கடையிலேயே இயக்கிப் பாருங்கள். விண்டோஸ் 11 தேவை என்றால் 2018க்குப் பிந்திய மாதிரிகளில் தேடுங்கள். லினக்ஸ் போதுமென்றால் அதற்கு முந்தியவையும் உதவும். மிகப் பழைய செயலகங்கள் இன்றைய ஒளிப்படக் காட்சிகளை விரித்துக் காட்டத் திணறும். மின்சாரத்தையும் அதிகம் எடுக்கும். எக்ஸ்220 போன்றவற்றை எழுதவும் படிக்கவும் நிரல் எழுதப் பழகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வீட்டிற்குக் கொண்டுவந்ததும் திறக்க நினைத்தால், மின்இணைப்பைத் துண்டித்துப் பாட்டரியை எடுத்த பிறகே திருப்புளியைத் தொடுங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு காகிதத்தில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் வையுங்கள். உடலின் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். எனவே முதலில் தரையோடு இணைந்த உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுக்கொள்வது நலம். விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, செயலகத்தின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாகப் பூசினால் சூடு குறையும். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைக் குத்தவோ பிரிக்கவோ முயல வேண்டாம். பயன்படுத்துவதை நிறுத்தி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

முதல் முறை மூடியைத் திறக்கும்போது கை சற்று நடுங்கத்தான் செய்யும். திருகாணியின் அருகிலுள்ள சிறு படத்தை ஒருமுறை பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பொறிஞர், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் இதைத் திறப்பார் என்று எண்ணி வழி சொல்லி வைத்திருக்கிறார். அடுத்து நீங்கள் வாங்கும் எந்தக் கருவியானாலும் கடைக்காரரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'இதை எங்கே திறப்பது?' இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினால், அந்தச் சிறு படங்கள் எல்லாக் கருவிகளின் அடியிலும் மீண்டும் தோன்றும்.